அவள் ஏறினால் ஆடும் வண்டி

அந்த வண்டியின் சத்தம் அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஒர்க்‌ஷாப் குழிக்குள் நின்று, மேலே நிறுத்திய ஒரு வேனின் சக்கரங்களைப் பிணைக்கிற டை ராடைத் திருகிக்கொண்டிருந்தவள், தெருமுனையில் அந்த உறுமல் கேட்டதும் ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அகலமான டயர் தாரில் உரசும் இரைச்சல், கூடவே ஒரு பள்ளத்துக்கு ஒரு தட்டு. வந்துவிட்டார்கள். பயம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது பசி மாதிரி ஒன்று.

ஊருக்கு அவள் கட்டெறும்பு. தவழ்கிற வயதில் வண்டிகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வெளியே வந்ததாலும், தூக்க வந்தவர்களைக் கடித்து வைத்ததாலும் ஒரு லாரிக்காரர் வைத்த பெயர். வளர வளர எறும்பு என்று சுருங்கிவிட்டது. அவள் அப்பாவுக்குச் சக்கரம் நேர்பார்க்கிற தொழில். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது, டயர் ஓரத்தில் தேய்கிறது, கையை விட்டால் வண்டி வாய்க்காலைப் பார்க்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டியெல்லாம் இந்தக் குழிக்குத்தான் வரும். பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் சக்கரத்தின் பால் ஜாயிண்டை ஆட்டிப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் போனவள் இப்போது அதே குழிக்குத் திரும்பி வந்துவிட்டாள். திரும்பி வந்தாள் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியதற்குச் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அவள் ஏறினால் வண்டி ஆடுகிறதாம்.

அவள் புருஷன்காரனுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில். ஜெனரேட்டரை இழுக்கிற அந்தப் பெரிய பிக்கப்தான் அவனுக்குப் பொண்டாட்டி, பிள்ளை எல்லாம். கல்யாணமான புதிதில் அதைத் தூக்கிக் கட்டினான். அடியில் கட்டை வைத்து, ஸ்பிரிங் மாற்றி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக டயர் போட்டு, ஏணி இல்லாமல் ஏற முடியாதபடி ஆக்கிவைத்தான். அப்பா அப்போதே சொன்னார். உயரம் கூட்டினால் முன் அச்சின் சாய்மானம் மாறும், அச்சை இடம் வலம் நகராமல் பிடித்து வைத்திருக்கிற குறுக்குத் தண்டு இழுபடும், கொண்டுவாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன் என்று. மாமனார் கையை எதிர்பார்த்து வண்டி ஓட்டுகிற ஆள் நானில்லை என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லாவற்றையும் தானே கழற்றித் தானே பூட்டினான். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாக இருந்திருந்தால் பரவாயில்லை. இவனுக்கு அச்சே கோணல்.

மூன்று தடவை ஆடியது. மூன்றும் அவள் அம்மா வீட்டுக்கு வரும்போது, ஆற்றுப் பாலத்தின் மேல். பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் இவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்கும். முன்பக்கம் மொத்தமும் பேய் பிடித்த மாதிரி உதறும். நிறுத்தினால்தான் நிற்கும். முதல் இரண்டு தடவை அவர்கள் இருவர் மட்டும். மூன்றாவது தடவை மாமியாரும் பின்சீட்டில் இருந்தாள். கண்ணாடியில் தலை மோதி நெற்றி வீங்கிப் போயிற்று. கீழே ஏதோ தட்டுகிறது, குறுக்குத் தண்டு பக்கம் பாருங்கள் என்று எறும்பு சொன்னாள். உன் அப்பன் கடையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்றான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். நான் தினமும் தனியாக இதே பாலத்தில் போகிறேன், வருகிறேன், ஒரு நாளும் ஆடினதில்லை என்றான்.

அந்த வார்த்தையை மாமியார் பிடித்துக்கொண்டாள். ராசி கெட்டவள், ஏறினாலே வண்டி தாங்கவில்லை என்று வீட்டில் ஆரம்பித்து வாசலுக்கு வந்து, வாசலிலிருந்து தெருவுக்குப் போனது. குழாயடியில் எறும்பு குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் தள்ளிப் போயிற்று. கொஞ்ச நாள் உன் அம்மா வீட்டில் இரு, வண்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்றாள் மாமியார். புருஷன்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கரம் ஏன் ஆடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் தனியாகப் போனால் ஏன் ஆடவில்லை என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. அதை யோசித்து யோசித்து, ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருவேளை நிஜமாகவே நாம்தான் காரணமோ என்று அவளே நம்பிவிட்டாள். குழியில் வளர்ந்தவளையே அப்படி நம்ப வைத்தார்களே, அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. வீட்டை விட்டு அனுப்பியதைக்கூட மன்னிக்கலாம்.

இப்போது அந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. புருஷன்காரன் குதித்து இறங்கினான். மறுபக்கம் மாமியார் கம்பியைப் பிடித்து, காலால் படியைத் தடவித் தடவி இறங்கினாள். மகனைத் தனியாக அனுப்பினால் மருமகளிடம் மயங்கிவிடுவானோ என்று கூடவே வந்திருக்கிறாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். "வாங்க மாப்பிள்ளை, வாங்க சம்பந்தியம்மா" என்று இரண்டு நாற்காலியைத் தட்டிப் போட்டார். எறும்பு குழியை விட்டு ஏறவில்லை. வேனுக்கு அடியிலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புகள்தான். அதுவே போதுமாக இருந்தது.

வந்தவர்கள் சொன்னது இது. புது டயர் உள்பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்துவிட்டது. நேர் ரோட்டில் வண்டி நேராகப் போகமாட்டேன் என்கிறது, இடமும் வலமுமாகத் தேடிக்கொண்டே போகிறது. ஒரு கடையில் அதிர்வு தாங்குகிற ஸ்டியரிங் ஷாக்கை மாற்றினார்கள், இன்னொரு கடையில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டார்கள். இனி உங்கள் மாமனாரிடம்தான் போக வேண்டும், இந்த உயரத்துக்கு அவரிடம்தான் குழி இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள். இவ்வளவையும் மாப்பிள்ளை சொன்னான். வீட்டில் உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. மாமியாரும் கேட்கவில்லை.

"ஆட்டம் இருக்கா இன்னும்?" என்றார் அப்பா.

"ஆட்டமா?" மாமியார் முந்திக்கொண்டாள். "உங்க பொண்ணு இங்க வந்த பிறகு ஒரு தடவைகூட ஆடலயே. தெருவே சாட்சி."

அப்பா பேச்சை மாற்றுவதற்காக, வெயில் ஜாஸ்தி, பாலத்தில் கூட்டமா என்று கேட்டார்.

"பாலத்துல எங்க வந்தோம்? இவன் பழைய ரோட்டைச் சுத்தித்தான் வர்றான். என்னைக் கூட்டிட்டு எங்க போனாலும் அப்படித்தான். பாலத்துப் பக்கம் தலைவச்சே படுக்கிறதில்ல."

"டிராஃபிக்கும்மா" என்றான் மகன் சட்டென்று. அவன் செருப்பு ஒன்று மற்றொன்றை மிதித்தது.

குழிக்குள் எறும்பின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அடப்பாவி. பாலத்துக்கே போகவில்லையா? தினமும் போகிறேன், வருகிறேன் என்று சொன்னவன், பாலத்தின் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தானா? அங்கேதான் ஆடும் என்று தெரிந்து, அங்கே போகாமல் இருந்துகொண்டு, போனேன், ஆடவில்லை என்று சொல்லி, அவள் தலையில் ராசியைக் கட்டி அனுப்பியிருக்கிறான். இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்ற முள் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் வேறொன்று எரிய ஆரம்பித்தது.

அவள் குழியிலிருந்து ஏறினாள். முகம் முழுக்கக் கிரீஸ். "வாங்கத்த" என்றாள். புருஷன்காரனைப் பார்க்காமலே, "வேனை ஓரமாத் தள்ளிட்டு வண்டியைக் குழி மேல ஏத்துங்க" என்றாள்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சர்க்கரை இல்லை. மறந்துட்டேன் சம்பந்தியம்மா என்றாள் அம்மா. அம்மாவுக்கு மறதி என்பதே கிடையாது.

வண்டி ஏறியதும் எறும்பு அடியில் போனாள். "எஞ்சினை அணைச்சிடுங்க. ஸ்டியரிங்கை லெஃப்ட்ல ஒரு சாண், ரைட்ல ஒரு சாண் திருப்பிட்டே இருங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

இந்தச் சோதனைக்கு எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பினால் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி வரும். அணைத்துவிட்டு, அந்தப் பெரிய டயரைக் கைபலத்தில் திருப்புவது செக்கிழுக்கிற வேலை. அப்பாவுக்கு இது தெரியும். வாயைத் திறந்தார், மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

எறும்பு குறுக்குத் தண்டு அச்சோடு சேரும் இடத்தில் விரலை வைத்தாள். இரண்டாவது திருப்பிலேயே தெரிந்துவிட்டது. முதலில் போல்ட் நகர்கிறது, அதற்குப் பிறகுதான் அது பூட்டியிருக்கிற இரும்புக் காது நகர்கிறது. துளை ஒரு அளவு, போல்ட் அதைவிட ஒல்லி. கையில் கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருக்கிறான். ஒவ்வொரு பள்ளத்திலும் அது தட்டித் தட்டித் துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அச்சு முழுதும் அந்த இடைவெளியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பாலத்து இணைப்பில் ஒரு அடி விழுந்தால் போதும், ஆட்டம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் பார்த்தாள். நட்டின் மூலைகள் மழுங்கிப் பளபளத்தன. அடியெல்லாம் சேறும் துருவுமாக இருக்க, அந்த ஒரு நட்டு மட்டும் புதிதாக மின்னியது. யாரோ அதைத் திரும்பத் திரும்ப இறுக்கியிருக்கிறார்கள்.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மேலே அவன் மூச்சு வாங்குவது கேட்டது. லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட். "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றாள். வியர்வை சொட்டி அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது என்று பிறகு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்பா குழிக்குள் இறங்கி வந்தார். விரல் வைத்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கண்டுபிடிச்சாச்சு இல்ல. போல்ட்டை மாத்தி, சாய்மானத்தைச் சரிபண்ணிக் குடுத்துடலாம். வண்டியும் நேராகும். அப்படியே உன்னையும்..."

"என்னையும்?"

"வாழப்போன இடம்மா. ஏதோ போதாத காலம், ஒரு வார்த்தை வந்துடுச்சு. பெரிய மனசு பண்ணி நாமளே இறங்கிப் போயிடலாம்."

"அப்பா, அவங்க வண்டியைத்தான் கொண்டுவந்திருக்காங்க. என்னைக் கூப்பிட வரல. வண்டிக்கு இருக்கிற நாதிகூட எனக்கு இல்ல."

 அப்பா நல்ல மனிதர். பெண்ணைப் பெற்ற நல்ல மனிதர்கள் படுகிற பாட்டையெல்லாம் பட்டுவிட்டவர். எறும்புக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஆனால் அவர் சொன்னதைக் கேட்கப்போவதுமில்லை.

அவள் வேறொரு ஸ்பேனரை எடுத்து இரண்டு ஸ்டியரிங் ஷாக்கையும் கழற்றி ஓரமாக வைத்தாள். ஷாக் ஆட்டத்தை அமுக்கும், தீர்க்காது. அமுக்கி வைத்திருப்பதை எடுத்துவிட்டு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். ஆனால் கோளாறு தெரிந்த பிறகு யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

"எதுக்கு இப்ப?" என்றார் அப்பா.

"காயத்தைப் பாக்கணும்னா கட்டை அவுக்கணும்ல."

மேலே ஏறிவந்து சொன்னாள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஆடினபோது கூட இருந்த எல்லோரும் ஏற வேண்டும், ஏறினால்தான் அதே எடை வரும் என்று. எடையாவது ஒன்றாவது. பச்சைப் பொய். அத்தை முன்னாடி உட்காரட்டும், தொழில் பழகினவள் நான்தான் ஓட்டுவேன் என்றாள். மாமியார் தயங்கினாள். ஆனால் இவள் சொல்லி நாம் பயந்ததாகப் போய்விடக் கூடாதே என்று கம்பியைப் பிடித்து ஏறினாள். புருஷன்காரன் பின்சீட்டில் ஏறும்போது, "எந்த ரோட்டுல?" என்று கேட்டான். எறும்பு காதில் விழாத மாதிரி சாவியைத் திருகினாள்.

மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. கடைகள் பாதிக் கதவை இறக்கியிருந்தன. தெருவின் கோடியில் ரோடு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பழைய ரோடு, நேரே பாலம். அவள் நேரே போனாள்.

"இந்தப் பக்கம் வேண்டாமே" என்றான் அவன் பின்னாலிருந்து.

"சும்மா இருடா, ஓட்டுறா இல்ல" என்றாள் மாமியார்.

பாலத்தில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வேகத்தை ஏற்றினாள். ஐம்பது. அறுபது. முதல் இணைப்பு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதில் கீழே டொக் என்றது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

ஸ்டியரிங் இடமும் வலமுமாகக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடித்தது. கண்ணாடிகள் கடகடத்தன, முன்னால் வைத்திருந்த சாமான்கள் எல்லாம் எகிறி மாமியாரின் மடியில் விழுந்தன. மாமியாரின் கை பறந்து வந்து எறும்பின் தோளை நகம் பதியப் பற்றியது. தெருவெல்லாம் கேட்கிற மாதிரி ராசி பேசிய வாயில் "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது, கையைத் தளர்த்தி வைத்து வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். எறும்புக்கு அது தெரியும். காலை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் ஒரு மூச்சு நேரம் கூடுதலாக வைத்திருந்தாள். அந்த ஒரு மூச்சு அவளுக்கு இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கப்போவதில்லை.

பிறகு காலை எடுத்தாள். வண்டி உதறி உதறி அடங்கி, பாலத்தின் மறுகோடியில் ஓரமாக நின்றது.

 எஞ்சினின் சூட்டு வாடை வந்தது. எறும்பு, இப்போது சொல்லுங்கள் அத்தை, யாருடைய ராசி என்று கேட்பதற்காக வாயைத் திறந்தாள். மாமியார் முந்திக்கொண்டாள்.

"பாத்தியாடா? நான் சொன்னேனா இல்லையா? மாசக்கணக்கா ஆடாத வண்டி. இவ ஏறினா, ஆடிடுச்சு."

எறும்புக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இதை யோசிக்கவேயில்லையே. வண்டி ஆடியதைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தவள், தானே ஏறி ஓட்டி, தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டாள். நம்புகிறவளுக்குச் சாட்சி வேண்டாம், நம்பாதவளுக்குச் சாட்சி போதாது. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அதுவும் ராசிக்குப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. "நீ இறங்கு" என்றாள் மருமகளிடம். "இறங்கி அங்க நில்லு. என் மகன் ஓட்டட்டும். திரும்பிப் போவோம். ஆடுதான்னு நானும் பாக்குறேன், நீயும் பாரு."

எறும்பு இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். அவன் இறங்கவில்லை.

"வாடா, வந்து முன்னாடி உட்காரு."

"வேண்டாம்மா. பழைய ரோட்டுல போயிடலாம்."

"எதுக்கு பழைய ரோடு? நீ தினமும் தனியா போற பாலம்தானே? நீதானே சொன்ன, ஒரு நாளும் ஆடினதில்லன்னு?"

"வெயிலா இருக்கு. நீ பயந்துபோயிருக்க."

"நான் பயப்படல. அவதான் இறங்கிட்டாளே. இனி எதுக்கு ஆடப்போவுது?"

 மாமியார் சீட்டில் திரும்பி உட்கார்ந்து மகனைப் பார்த்தாள். அவன் ஆற்றைப் பார்த்தான். ஆற்றில் பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர் வற்றி மணல்தான் கிடந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையின் முகம் படிக்கத் தெரியாமல் போகுமா. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு இப்படித்தான் வேறெங்கோ பார்ப்பான் போலிருக்கிறது.

"டேய்," என்றாள், குரல் இறங்கியிருந்தது. "நீ இந்தப் பாலத்துல தனியா எப்ப போன?"

அவன் தலை இன்னும் ஆற்றுப் பக்கமே திரும்பியிருந்தது. மாமியார் கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, தானே இறங்கினாள். எறும்பு கை கொடுக்கவில்லை. மாமியாரும் எதிர்பார்க்கவில்லை. பாலத்தின் ஓரமாக ஒர்க்‌ஷாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். எறும்பு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, மாடு நடக்கிற வேகத்தில் வண்டியை அவளுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் அவன் இருந்தான். 

வந்ததும் வண்டியைக் குழி மேல் ஏற்றி, அந்த ஒல்லி போல்ட்டைக் கழற்றினாள். சுத்தியலால் தட்டியதும் அது வெளியே வந்தது. கூடவே ஒரு தகரச் சுருள் கையில் விழுந்தது. ஒல்லி போல்ட் ஆடாமல் இருப்பதற்காகத் தகரத்தைக் கத்தரித்து அதைச் சுற்றி வைத்திருக்கிறான். தெரிந்திருக்கிறது. எது ஆடுகிறது, எங்கே ஆடுகிறது, எதனால் ஆடுகிறது என்று அணு அணுவாகத் தெரிந்திருக்கிறது. கழற்றிப் பார்த்து, தகரம் வைத்து, திரும்பப் பூட்டி, இறுக்கி இறுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். தன் கைவேலை கோணல் என்று மாமனாரிடமும் சிநேகிதர்களிடமும் ஒப்புக்கொள்வதைவிடப் பொண்டாட்டியின் ராசி கோணல் என்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

தகரம் நசுங்கிக் கறுத்திருந்தது. ஆனால் வாஷருக்கு அடியில் மடிந்திருந்த பக்கம் சாயம் போகவில்லை. துணியால் துடைத்தாள். பாதி ரோஜாப்பூ, அதற்கு ஓரத்தில் தங்கநிறக் கோடு.

எறும்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏறிப்போய் மாமியாரின் மடியில் வைத்தாள்.

மாமியாரிடம் ரோஜாப்பூ போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. ஊசி, நூல், பட்டன் எல்லாம் அதில்தான். ஒரு நாள் டப்பா இருந்தது, மூடியைக் காணோம். மருமகள்தான் அம்மா வீட்டுக்குக் கடத்திவிட்டாள் என்று மாமியார் இரண்டு வாரம் பேசினாள். மூடியை மட்டும் கடத்தி என்ன அத்தை பண்ணுவேன் என்று எறும்பு கேட்டதற்கு, உன் வீட்டில் எதற்கெல்லாமோ உதவும் என்று பதில் வந்தது.

மாமியார் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தகரத்தை முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டு, நாற்காலியைத் தூக்கி அவனுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா உள்ளேயிருந்து இன்னொரு டீ கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை சர்க்கரை இருந்தது. கொஞ்சம் கழித்து, வெயிலுக்கு உள்ளே வந்து உட்காருங்கள் என்று அம்மா அவளைக் கூட்டிப்போனாள். அவனும் பின்னாலேயே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தான்.

அப்பாவும் மகளும் வேலை பார்த்தார்கள். கோபத்தில் செய்கிற வேலை கோணலாகும் என்பார்கள். எறும்பின் வேலை கோணலாகவில்லை. முட்டைத் துளையை அறுத்தெடுத்து, புதுக் காது வைத்துப் பற்றவைத்து, துளைக்குச் சரியான தடிமனில் போல்ட் போட்டு, சக்கரம் தரையில் நிற்கும்போது, வண்டியின் முழு எடையும் இறங்கியிருக்கும்போது இறுக்கினாள். அச்சைப் பின்னால் சாய்த்து, சாய்மானத்தை அளவுக்குக் கொண்டுவந்தாள். சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் நேராகப் போவது அந்தச் சாய்மானத்தால்தான், பிக்கப்புக்கும் அதே கணக்குத்தான். இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவு பார்க்கும்படி டை ராடைத் திருகி, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தினாள். ஒரு ஷாக்கை மட்டும் திரும்பப் பூட்டினாள். இன்னொன்றுக்கு இனி அவசியமில்லை.

இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள். அறுபது, எழுபது. எறும்பு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே தடதடத்துப் போயின. வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. திரும்பி வரும்போதும் அப்படியே. "அப்பாடி" என்றார் அப்பா. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை.

கடைக்கு வந்ததும் வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். மாமியார் நேரே எறும்பிடம் வந்தாள். ஏதோ சொல்ல வந்து, வேறு எதையோ சொல்கிற மாதிரி இருந்தது.

"நான் கூப்பிட்டா வருவியா?"

"இல்லத்த."

மாமியார் தலையை ஆட்டினாள். "தெருவுல நான் சொன்னதை நானே போய் மாத்திச் சொல்லிக்கிறேன். வீடு வீடாச் சொல்றேன். அதுக்கு நீ வரவேண்டாம்." முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு முன்சீட்டில் ஏறாமல் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

புருஷன்காரன் வண்டியைச் சுற்றிவந்தான். குனிந்து அடியில் பார்த்தான். புதுப் போல்ட்டின் தலை தெரிந்தது. அதைப் பூட்டிய கையையும் பார்த்தான். இந்தக் கைக்கு நாம் செய்தது என்ன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது.

"பாலத்துல ஓட்டிப் பாத்தியா?"

எறும்பு பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு இல்ல? நல்லா இறுக்கியிருக்க இல்ல?"

அப்பா வாயைத் திறந்தார். "சாவியைக் குடுத்துடுங்கப்பா" என்றாள் மகள். அப்பா திறந்த வாயோடு சாவியை நீட்டினார்.

அவன் சாவியை வாங்கிக்கொண்டு இன்னும் நின்றான். ஒரு வார்த்தை, ஆமாம் என்கிற ஒரே ஒரு வார்த்தைக்காக நின்றான். எறும்புக்கு அந்த நிற்பைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. அனுப்பிய அன்று மாமியார் வீட்டுக் கூடத்தின் நடுவில் அவளும் இப்படித்தான் ஒரு வார்த்தைக்காக நின்றாள்.

"பாலத்து வழியா போங்க" என்றாள். "அதுதான் கிட்ட."

வண்டி கிளம்பிப் போயிற்று. சத்தமில்லாமல், தட்டில்லாமல், தெருவின் நடுக்கோட்டிலிருந்து விரற்கடை விலகாமல் போயிற்று. அப்பாவும் மகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். தெருக்கோடியில், ரோடு பிரிகிற இடத்தில், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின்னால் வந்த ஒரு வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் ஏறிப்போயிற்று. கடைசியில் அந்தப் பெரிய வண்டி இடப்பக்கம் மெல்லத் திரும்பி, பழைய ரோட்டில் இறங்கியது.

"நேராத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அப்பா.

"இத்தனை மாசத்துல அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

 காலையில் பாதியில் விட்ட வேன் ஓரமாக நின்றது. இருவருமாக அதைத் தள்ளிக் குழி மேல் நிறுத்தினார்கள். எறும்பு உள்ளே இறங்கி, நழுவ விட்ட ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.